கருவாயனுக்குப் படைத்த பொங்கல்

“இனி என் கையால எந்த நாய்க்கும் ஒரு பருக்கை போட மாட்டேன் அம்மா. சத்தியம் பண்ணிட்டேன்” என்றார் சிவக்கொழுந்து.

திலகவதியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிவக்கொழுந்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அந்த மடத்துக்கு அவர்தான் குரு. சமையலுக்கு வந்து சீடராகவே தங்கிவிட்டவர் சிவக்கொழுந்து.

“ஏன்?”

“ஏனா? கொன்னுட்டேனே அம்மா!”

கருவாயன் மடத்து நாய். போன வாரம் செத்துப்போனது.

மடத்துச் சமையல் சுத்த சைவம். வெங்காயம்கூட உள்ளே வராது. நாயையும் அப்படியே வளர்த்தார் மனுஷன். ‘எங்க கருவாயன் கவுச்சியை மோந்துகூடப் பார்க்க மாட்டான்’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே பீத்தல். நாய்க்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் உயிர். அதிலிருக்கும் திராட்சையைப் பொறுக்கிப் பொறுக்கி ஊட்டுவார். பெற்ற பிள்ளைக்கு அப்படி ஊட்டியிருப்பாரா, சந்தேகம்தான்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“உலர்ந்த திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாதாம். கிட்னி போயிடுமாம். எனக்குத் தெரியாதே அம்மா! தெரிஞ்சா கொடுத்திருப்பேனா? கடைசி நாள் தண்ணிகூட இறங்கல. அப்பவும் என் கையைத்தான் நக்கினான். நான் பாவி.”

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா தேற்றவில்லை.

“தினமும் காலையில தோப்புக்குப் போறீங்களே, எதுக்கு?”

“அங்கதானே புதைச்சோம். படையல் வைக்கிறேன்.”

“என்ன படையல்?”

“பொங்கல்தான். அவனுக்குப் பிடிச்சது.”

“திராட்சை போட்டா?”

“போட்டுத்தான். செத்தவனுக்கு இனிமே என்ன ஆகப் போகுது?”

“சாப்பிடுறானா?”

சிவக்கொழுந்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“மறுநாள் போனா இலை துடைச்சு வச்ச மாதிரி இருக்கு அம்மா. வந்து சாப்பிட்டுட்டுத்தான் போறான்.”

“பார்த்தீங்களா?”

“படையல் வச்சா திரும்பிப் பார்க்காம வரணும்ல?”

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாளைக்கு நானும் வர்றேன்.”

மறுநாள் காலை இருவரும் போனார்கள். சிவக்கொழுந்து இலை போட்டார். பொங்கல் வைத்தார். கும்பிட்டார். வந்த வழியே நடந்தார்.

பூவரச மரத்தடியில் அம்மா நின்றுவிட்டார்.

“திரும்பிப் பாருங்க.”

“கூடாது அம்மா.”

“பாருங்கன்னா பாருங்க.”

பார்த்தார்.

வேலிச் சந்தில் நுழைந்து ஒரு பெண் நாய் வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. மடி தொங்கியது. எங்கேயோ குட்டி போட்டிருக்கிறது. தினம் வந்து பழகிய கால், நேரே இலைக்குப் போனது.

“ஐயோ! தின்னாத! சீ, போ!”

வேட்டியை மடித்துக்கட்டக்கூட நிற்காமல் ஓடினார். நாய் வாய் வைப்பதற்குள் இலையைப் பறித்தார். வெறுங்கையால் மண்ணைக் கிளறி, பொங்கலை உள்ளே தள்ளி மூடினார். மூச்சு வாங்கியது.

“இத்தனை நாளும் இதுவா தின்னுச்சு? கடவுளே, இதையும் கொல்லப் பார்த்தேனே!”

நாய் உறுமவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவர் கையையே பார்த்தது.

“போயிடும்மா. என்கிட்ட ஒண்ணும் கிடையாது. என் கை ஆகாத கை.”

நாய் போகவில்லை.

திலகவதியம்மா பக்கத்தில் வந்து குத்தவைத்தார். இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அவித்த முட்டைகள். இன்னும் சூடு ஆறவில்லை.

சிவக்கொழுந்து பதறிப்போனார்.

“அம்மா! இது எங்க வெந்துச்சு?”

“நம்ம அடுப்புலதான். நீங்க குளிக்கப் போயிருந்தப்ப.”

“மடத்து அடுப்புலயா?”

“குட்டி போட்ட நாய் ஒண்ணு இந்த வேலிப் பக்கம் சுத்துறதை முன்னாடியே பார்த்திருந்தேன். டாக்டர்கிட்ட ஆள் அனுப்பிக் கேட்டேன். பால் கொடுக்கிற நாய்க்கு இது நல்லதாம்.”

ஒன்றை உரித்து நாய் முன்னால் வைத்தார். அது ஒரே வாயில் விழுங்கிவிட்டு மறுபடி பார்த்தது.

அம்மா அடுத்த முட்டையை எடுத்து, மண் ஒட்டிய அவர் கையில் வைத்தார்.

“கையைக் கழுவிட்டு இதை நீங்க உரிங்க.”