கஸ்பார் வள்ளத்துக் கம்பி

“இருக்கிறதுலயே பெரிய கம்பி எதும்மா?” என்று கேட்டார் கஸ்பார்.

பிரகாசி தலையைத் தூக்கவில்லை. ஒரு மைக்கின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு, பல் துலக்குகிற பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு?”

“வயர்லெஸ்ஸுக்குத்தான். துணி காயப் போடவா?”

“அது தெரியுது. பெரிசு எதுக்குன்னு கேட்டேன்.”

கஸ்பார் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஐஸ் பேக்டரியை ஒட்டினாற்போல ஒரு ஷட்டர் போட்ட அறை. சுவரெல்லாம் ஏரியல் கம்பி. நெட்டை, குட்டை, வெள்ளை, கறுப்பு.

கரையில் எந்தப் படகின் வயர்லெஸ் ஊமையானாலும் இங்கேதான் வரவேண்டும். பிரகாசி யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. கெட்ட பெட்டிகளைத் திறந்து, இன்னும் கெடுத்து, அப்புறம் கற்றுக்கொண்டவள். வயது முப்பத்தெட்டு. கஸ்பாருக்கு ஐம்பத்தாறு. தன்னைவிடச் சின்னவள் ஒருத்தியிடம் போய்க் கேள்வி கேட்க, அந்தக் கரையில் எந்த ஆம்பளைக்கும் கால் கூசும்.

கஸ்பாருக்கும் கூசியது. மூன்று நாள் கடை வாசல் வரை வந்து திரும்பிப் போயிருந்தார்.

“என் தம்பி என்கூடப் பேசுறதில்ல,” என்றார்.

பிரகாசி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“போன மாசம் தம்பி இஞ்ஞாசி வள்ளத்துல எஞ்சின் நின்னுட்டு. காலைல ஒம்பது மணிலருந்து என்னைக் கூப்பிட்டிருக்கான். நான் நாலு மைலு தள்ளித்தான் நிக்கேன். வேற வள்ளம் எதும் அன்னைக்கு அந்தப் பக்கம் வரல. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. மத்தியானம் ரெண்டு மணிக்கு, எட்டு மைலுக்கு அங்கிட்டு வந்த விசைப்படகுக்குக் கேட்டிருக்கு. அவங்கதான் கட்டி இழுத்துட்டு வந்தாங்க.”

“ம்.”

“எட்டு மைல்ல நிக்கவனுக்குக் கேட்டுது, நாலு மைல்ல நிக்க அண்ணனுக்குக் கேக்கலியான்னு கேக்கான். மீனை விட்டுட்டு வர மனசில்லாம இருந்துட்டேன்னு நெனைக்கான்.”

“நீங்க என்ன சொன்னிய?”

“கம்பி சரியில்லன்னு சொன்னேன். நம்பல. அதான், இந்தக் கரையிலயே பெரிய கம்பியா ஒண்ணு நட்டுட்டேன்னா அவன் கண்ணுல படும். நம்புவான்.”

பிரகாசி எழுந்துபோய் ஷட்டரை இறக்கினாள். அறை இருட்டிப்போனது.

“என்னம்மா இது?”

ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். அதற்கு ஒரு கால் குட்டை.

“ஏறி நில்லுங்க, அண்ணாச்சி.”

ஏறினார். கையில் ஒரு நீள டார்ச்சைத் திணித்தாள். “அந்தச் சுவர்ல கோயில் காலண்டர் இருக்கு. அடிச்சு, இந்த மாசம் என்ன திருநாள்னு வாசிங்க.”

வெளிச்சம் ஊசிபோலப் போய்க் காலண்டரில் குத்தியது.

“நல்ல டார்ச். கப்பலையே தேடலாம் போலிருக்கு.”

பிரகாசி முக்காலியின் காலை ஒரு எத்து எத்தினாள்.

முக்காலி ஆடியது. வெளிச்சம் கூரைக்குப் போனது. தரைக்கு வந்தது. காலண்டரைத் தாண்டி மறுபடி கூரைக்கு ஓடியது.

“ஏ பிள்ள! விழுந்து வைக்கப் போறேன்!”

“வாசிங்க.”

“என்னத்த வாசிக்க? பல்லிதான் தெரியுது!”

டார்ச்சை வாங்கிக்கொண்டு, வயரோடு தொங்கிய ஒரு குண்டு பல்பை அவர் கையில் கொடுத்துச் சுவிட்சைத் தட்டினாள். மறுபடி எத்தினாள். கஸ்பார் ஆடினார். பல்பும் ஆடியது. சுவர் நாலும் மங்கலாக, ஆனால் அசையாமல் தெரிந்தன.

“பனிமய மாதா திருநாள்,” என்று வாசித்தார் ஆடிக்கொண்டே.

பிரகாசி ஷட்டரை ஏற்றினாள்.

கஸ்பார் இறங்கி, சுவரிலிருந்த நெட்டைக் கம்பியைப் பார்த்தார். பிறகு குட்டைக் கம்பியைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

“நெட்டை டார்ச்சு,” என்றார் மெதுவாக. “குட்டை பல்பு.”

“நெட்டை ஒரு பக்கமாத்தான் பாக்கும், குட்டை எல்லாப் பக்கமும். உங்க வள்ளம் ஆடுமா, ஆடாதா?”

“நாய் வாலு மாதிரி ஆடும்.”

“இப்ப உங்ககிட்ட இருக்கது என்ன கம்பி?”

“நாலடி. குட்டைதான்.”

“அப்ப அதுதான் சரியான கம்பி.”

கஸ்பாருக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் முகம் வாடியது.

“சரியான கம்பின்னா, அன்னைக்கு ஏன் கேக்கல?”

“அதைக் கம்பிகிட்டப் போய்க் கேப்போம்,” என்று திருப்புளியை இடுப்பில் செருகி, பையைத் தோளில் மாட்டினாள் பிரகாசி.

வள்ளங்கள் மணலில் வரிசையாக ஏறிக் கிடந்தன. பிரகாசி நேரே கஸ்பாரின் வள்ளத்துக்குப் போகவில்லை. வழியில் கிடந்த ஒவ்வொரு வள்ளத்தின் பின்பக்கமும் நின்றாள். கம்பியைப் பிடித்திருக்கும் மடக்குப் பிடியைத் தொட்டாள். விரலில் ஒட்டியதைக் கஸ்பாரிடம் காட்டினாள்.

உப்பு. துரு. பச்சைக் களிம்பு.

ஆறாவது வள்ளம் கஸ்பாருடையது. அதன் பிடியைத் தொட்டுவிட்டு விரலை நீட்டினாள். எண்ணெய். புதுக் கொலுசுபோல மினுங்கியது ஆணி.

“மத்தவங்க பிடியெல்லாம் இறுகிப்போய்க் கெடக்கு. சுத்தியலால அடிச்சாலும் மடங்காது. உங்களது ஏன் அண்ணாச்சி வெண்ணெயா மடங்குது?”

கஸ்பார் கடலைப் பார்த்தார்.

“தெனமும் மடக்குதியளோ?”

“காத்துக்கு...”

“காத்து அடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு.”

சுற்றுமுற்றும் பார்த்தார் கஸ்பார். அடுத்த வள்ளத்தடியில் ஒரு பூனை படுத்திருந்தது. அது கேட்டாலும் பரவாயில்லை என்று குரலை இறக்கினார்.

“எனக்கு ஒரு பார் அம்புட்டிருக்கும்மா. கடலுக்கடியில, பதினோரு பாகம் ஆழத்துல, பாறைத் திட்டு. மூணு மாசமாச்சு. யாருக்கும் தெரியாது. கலவாயும் விளமீனும் கும்பிட்டுக்கிட்டு வருது. வள்ளம் தாழ்வா இருக்கதால அலைக்குள்ள மறைஞ்சுரும். இந்த வெள்ளைக் கம்பிதான் எழும்பி நின்னு காட்டிக் குடுக்கும். அதனால அங்க போனதும் படுக்கப் போட்டு, மேல வலையைச் சுருட்டிப் போட்டுருவேன்.”

“அன்னைக்கும்?”

“அன்னைக்கும்.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “ஆனா வயர்லெஸ் பெட்டியை நிறுத்தலம்மா! சத்தியமா. பேசத்தானே கம்பி எழும்பி நிக்கணும்? கேக்கதுக்குப் படுத்திருந்தா என்ன? மனுசன் படுத்துக்கிட்டே கேக்கான்லா?”

பிரகாசி சிரிக்கவில்லை.

வள்ளத்துக்குள் தண்ணீர்க் குடமும் ஒரு காலி பாட்டிலும் கிடந்தன. பாட்டிலை எடுத்து மூடியைக் கழற்றினாள். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்துப் பலகையில் அதைப் படுக்க வைத்தாள். குடத்தைச் சாய்த்து அதன்மேல் ஊற்றினாள்.

தண்ணீர் பாட்டிலின் முதுகில் விழுந்து, பலகையில் ஓடி, மணலில் சொட்டியது.

குடம் பாதியாகும்வரை ஊற்றினாள். பாட்டிலைத் தூக்கிக் குலுக்கினாள். ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை.

“பாட்டில் ஓட்டையா, அண்ணாச்சி?”

கஸ்பார் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

காலை ஒன்பதிலிருந்து ரெண்டு வரை. ஐந்து மணி நேரம். “அண்ணே, அண்ணே”ன்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான்? அந்த நேரம் பூராவும் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தார். தூண்டிலில் ஒரு பெரிய கலவாய் அறுத்துக்கொண்டு போனது. அதற்காக அரை மணி நேரம் வருத்தப்பட்டது நன்றாக ஞாபகம் இருந்தது.

“சரி,” என்றார் கடைசியில். “நட்டமா நிக்கட்டும். எங்க வைக்கலாம்னு நீயே சொல்லு. இந்த ஐஸ் பெட்டிக்குப் பின்னால வச்சா?”

“பெட்டி மறைக்கும்.”

“எஞ்சினுக்குப் பக்கத்துல, தாழ்வா?”

“எஞ்சின் இரைச்சலத்தான் கேப்பிய.”

“லைட்டு போட்ட இரும்புக் குழாய் இருக்கு. அதோட சேத்துக் கட்டிட்டா? பாக்கிறவனுக்குக் குழாய் மாதிரித்தான் தெரியும்.”

“கம்பியும் குழாய் மாதிரித்தான் வேலை செய்யும்.”

“பின்ன எங்கதான் வைக்க?”

“அண்ணாச்சி, நீங்க வைக்க இடம் தேடல. ஒளிக்க இடம் தேடுதிய.”

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்தது.

“ஒளிஞ்சும் நிக்கணும், தம்பி குரலும் கேக்கணும். அப்படி ஒரு கம்பி இந்த உலகத்துல இல்லியா?”

பிரகாசி பையிலிருந்து இரண்டு பிடிகளை எடுத்துப் பலகையில் வைத்தாள். ஒன்று மடங்கும். இன்னொன்று மடங்காது, ஒரே வார்ப்பு.

“எதை வேணாலும் எடுங்க. முடுக்கித் தாறது மட்டுந்தான் என் வேலை.”

அவள் மணலில் இறங்கிப் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கஸ்பார் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மாதமாக அந்தப் பார்தான் அவருக்கு எல்லாம். ராத்திரி படுக்கும்போது அதை நினைத்துக்கொண்டு படுப்பார். சின்ன வயதிலிருந்து பொதுக்கடலில் பிடித்தவர். தனக்கென்று ஒரு இடம் அமைந்தது இப்போதுதான்.

ஊர்ந்து ஊர்ந்து வெயில் வள்ளத்துக்குள் வந்துவிட்டது.

மடங்காத பிடியை எடுத்து நீட்டினார்.

பிரகாசி வள்ளத்தின் பின்பக்கம், இரும்புக் குழாயிலிருந்து நாலடி தள்ளி, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு நெட்டைப் பைபர் கழியை நிறுத்தினாள். கழியின் உச்சியில் பிடியை முடுக்கினாள். அதன்மேல் நாலடிக் கம்பி. கம்பிக்கு மேலே ஆகாயம் தவிர வேறொன்றும் இல்லை.

“ஏம்மா, முன்னைவிட உயரமால்லா நிக்கி!”

“கம்பி குட்டைதான். காலுதான் நெட்டை.”

மறுநாள் விடியற்காலையில் கஸ்பார் பாருக்குப் போனார். நங்கூரம் போட்டார். கை தானாக மடக்குப் பிடியைத் தேடிப் போய், வெறும் காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பியது.

சூரியன் ஏறியது. மீன் கடித்தது. வயர்லெஸ் பேச ஆரம்பித்தது.

கஸ்பார் தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். ஒருத்தன் பல்வலிக்குக் கிராம்பு நல்லதா என்று கேட்டான். இன்னொருத்தன் மருமகள் வைத்த குழம்பைத் திட்டினான். யாரோ பாதிப் பாட்டுப் பாடி மீதியை மறக்க, வேறு யாரோ அதை எடுத்துக் கொடுத்தான். மூன்று மாதமாக இத்தனை பேச்சும் தன் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்ததா? தன்னையறியாமல் சிரித்தார். ஒரு விளமீன் இரையைத் தின்றுவிட்டுப் போனது. போகட்டும் என்று விட்டார்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

“ஏல, தெக்க ஒரு கம்பி தெரியுதுலே. எவனோ நிக்கான். போய்ப் பாப்பமா?”

கஸ்பார் அண்ணாந்து தன் கம்பியைப் பார்த்தார்.

“பாக்க என்ன இருக்கு,” என்றது இன்னொரு குரல். “அது கஸ்பார் பார்லா?”

“அவருக்குப் பார் இருக்கா?”

“ஊருக்கே தெரியும். தெனமும் ஏலத்துல கலவாயும் விளமீனுமாக் கொட்டுதாரு. பின்ன வாய்க்கால்லயா பிடிச்சிருப்பாரு?”

“தெரிஞ்சும் ஒருத்தனும் போவலியா?”

“இஞ்ஞாசி விட மாட்டான். எங்க அண்ணன் ஆசையா ஒளிச்சு வச்சிருக்காரு, யாரும் அங்கிட்டுப் போயிராதியன்னு முதல் வாரமே சொல்லிட்டான்.”

தூண்டில் நூல் கஸ்பாரின் கையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது. நூல் முழுதும் ஓடித் தீரும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திடீரென்று மற்றக் குரல்களை வெட்டிக்கொண்டு ஒரு குரல் வந்தது. ஒரு மாதமாக அவர் கேட்காத குரல்.

“அண்ணே! கஸ்பார் அண்ணே! என்ன ஆச்சு? இத்தன நாளும் காணாத கம்பி இன்னைக்கு ஏன் நிக்கி? எஞ்சினா? தண்ணி ஏறுதா? இந்தா வந்துட்டேன், ஒரு மைல்லதான் நிக்கேன். அண்ணே, கேக்குதா?”

கஸ்பார் மைக்கை எடுத்தார். பித்தானை அமுக்கினார்.

“கேக்குது தம்பி. ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்கேன்.”

“பின்ன ஏன் நிக்கி?”

மற்றக் குரல்கள் அடங்கிவிட்டன. கடல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று கஸ்பாருக்குத் தெரிந்தது.

“அன்னைக்குக் கம்பி மேல குறை இல்லடே. நான்தான் படுக்கப் போட்டிருந்தேன். யாரும் பாத்துரக் கூடாதுன்னு.”

பெட்டி வெறுமனே இரைந்தது. வள்ளம் ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொருமுறை ஏறி இறங்கியது.

“சரி,” என்றான் இஞ்ஞாசி. “நான் நங்கூரத்தை எந்தப் பக்கம் போட?”