பறக்க மறந்த வாத்துகளும் ஓடக் கற்ற வணிகனும்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள்! ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில், மாந்தூர் என்ற ஊரில் சேந்தன் என்றொரு நெல் வணிகன் இருந்தான். அவன் வீட்டுக் கொல்லையில் ஒரு குளம் இருந்தது.

மார்கழி பிறந்தால் வடக்கேயிருந்து பனிமலைகளைத் தாண்டி வாத்துகள் அந்தக் குளத்துக்கு வரும். பங்குனியில் திரும்பிப் போகும். சேந்தன் கொல்லைக் கதவருகே கட்டிலைப் போட்டுக்கொண்டு அவற்றைப் பார்ப்பான். காலையில் பார்ப்பான், மதியம் பார்ப்பான், சோற்றைப் பிசைந்தபடியும் பார்ப்பான். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவனோடு பேரம் பேசினார்கள். வாத்துகள் பேசவில்லை. அதனாலேயே அவை அவனுக்கு உயிர்.

ஒரு வருஷம் அவற்றை அனுப்ப மனம் வரவில்லை. "வயிறு நிறைந்தால் ஏன் போகப்போகின்றன?" என்று நெல்லை இறைத்தான். முதலில் ஒரு படி, அப்புறம் ஒரு மரக்கால், அப்புறம் மூட்டையையே அவிழ்த்துக் கொட்டினான்.

"என்னங்க, விருந்தாளிக்குச் சோறு போடலாம். எழுந்திருக்க முடியாதபடி போடலாமா?" என்று கேட்டாள் அவன் மனைவி நப்பின்னை.

"சும்மா இரு. அதுங்களுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம்!"

பங்குனி வந்தது. மற்றக் குளத்து வாத்துகள் கூவிக்கொண்டே வடக்கே பறந்தன. சேந்தனின் வாத்துகள் அண்ணாந்து பார்த்தன. சிறகை அடித்தன. தொப்பென்று விழுந்தன.

சேந்தனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அது சித்திரை வரைதான். குளம் வற்றியதும் வாத்துகள் வீட்டுக்குள் வந்தன. ஒன்று அண்டாவில் இறங்கியது. ஒன்று அரிசிப் பானையைக் கவிழ்த்தது. ஒன்று அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு, கிட்டே போனால் கொத்தியது.

வெயில் ஏற ஏற அவை வாயைப் பிளந்து மூச்சிரைத்தன.

"இந்தச் சூடு இதுங்களுக்கு ஆகாதுங்க. செத்துப்போயிடும்," என்றாள் நப்பின்னை.

எப்படியாவது அவற்றைக் கிளப்பி வடக்கே அனுப்பப் பார்த்தான் சேந்தன். தாம்பாளத்தைத் தட்டினான்; வாத்துகள் தூங்கின. நாயைப் போலக் குரைத்தான். எதிர்வீட்டு நாய்தான் பதில் சொன்னது. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டி, கைகளைச் சிறகாக விரித்து, "க்வாங்! க்வாங்!" என்று கத்தியபடி வற்றிய குளத்தைச் சுற்றி ஓடினான். வாத்துகள் நிமிர்ந்து பார்த்தன. பிறகு ஆடி அசைந்து பின்னாலேயே ஓடின.

தினமும் ஓடினார்கள். நப்பின்னை நெல் மூட்டைகளைப் பூட்டி வைத்தாள்.

"ஐயா, நெல் என்ன விலை?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார் ஒருவர்.

"க்வாங்!" என்றான் சேந்தன், நிற்காமலே. அன்றுமுதல் அவனிடம் யாரும் பேரம் பேசவில்லை.

வாத்துகள் மெலிந்தன. சேந்தன் அவற்றைவிட மெலிந்தான். ஒரு காலை ஓடிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒன்றும் இல்லை. வாத்துகள் தலைக்குமேலே இருந்தன. வடக்கே சிறுத்துச் சிறுத்து மறைந்தன.

"அழறீங்களா?" என்றாள் நப்பின்னை.

"வியர்வை," என்றான் அவன், கைகளை விரித்தபடியே.

அடுத்த மார்கழியில் அவை வந்திறங்கின. சேந்தன் நெல்லை அள்ளத் துறுதுறுத்த இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான்.

ஆகவே நினைவில் வையுங்கள்: போகவேண்டியவரைப் போகவிடுவதும் பிரியம்தான்.