மானின் வாயை மோந்த மரநாய்

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது, பிள்ளைகளே. சிரிக்காதீர்கள். மரநிழலும் ஒரு மணியும் இருந்தால் கல்லூரிதானே! அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அங்கே படித்தவர்களுக்கே தெரியாது. ஆனால் ஓட்டப் பந்தயம் என்றால் அந்தக் கல்லூரிதான்.

காரணம், துள்ளி என்ற புள்ளிமான். அவள் ஓடும்போது கால் தரையில் படுகிறதா இல்லையா என்று பார்க்கவே பக்கத்துக் காடெல்லாம் திரண்டு வரும். வருகிறவர்கள் வெறுங்கையோடு நுழைய முடியாது. தேனடையோ, பலாப்பழமோ, வள்ளிக்கிழங்கோ வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அத்தனையும் முதல்வர் கரடியாரின் குகைக்குப் போகும். குகையிலிருந்து எதுவும் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை.

துள்ளிக்கு என்ன கிடைத்தது? கைதட்டல்.

"ஓடுற பிள்ளை ஆசைக்காக ஓடணும், அம்மா. வயித்துக்காக ஓடினா ஓட்டத்தோட புனிதமே போயிடும்" என்பார் கரடியார், தேன் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே.

அந்தப் புனிதத்தைக் காப்பாற்ற ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால், ஓடுகிறவரின் வாயை மரநாய் மோந்து பார்க்கும். அதுதான் ஒழுங்குக் குழுத் தலைவர். புல் வாசனை மட்டும் வந்தால் "சுத்தம்!" என்று கத்தும். வேறு எந்த வாசனை வந்தாலும் ஓட்டம் கிடையாது.

சரி, துள்ளி புல்லையே மேயட்டுமே என்பீர்கள். எங்கே மேய்வாள்? பக்கத்தில் இருந்த ஒரே புல்வெளியை ஓடுதளமாக்கி, சுற்றிலும் முள்வேலி போட்டுவிட்டார்கள். மேய்ந்தால் தளம் கெட்டுவிடுமாம். தூரத்துப் புல்லைத் தேடிப் போகலாம் என்றால், காலையிலும் பயிற்சி, மாலையிலும் பயிற்சி. துள்ளியின் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. "பாருங்கள், என்ன கட்டான உடம்பு!" என்று கரடியார் விருந்தாளிகளிடம் காட்டினார்.

அந்தக் கோடையில் பெரிய பந்தயம் வந்தது. மலைக்காட்டுக் கல்லூரியிலிருந்து ஒரு வரையாடு போட்டிக்கு வந்திருந்தது. துள்ளி ஓடுதளத்துக்கு வரும் வழியில் கால் பின்னி விழுந்தாள்.

பந்தயம் பார்க்க வந்த கொம்பன் யானை அதைப் பார்த்துவிட்டது. "என்ன புள்ள, ஓடுறவளுக்கு நடக்கவே முடியலையா?"

"நேத்திலிருந்து ஒண்ணும் தின்னலை, மாமா."

"அடக் கொடுமையே! உன் ஓட்டத்தைப் பார்க்கத்தான் இந்தக் கரும்பைச் சுமந்துட்டு வந்தேன். அதை உனக்கே குடுத்தா என்ன?" கொம்பன் ஒரு துண்டை ஒடித்து நீட்டியது.

"ஐயோ, மோந்து பார்ப்பாங்க மாமா!"

"மோந்தா மோந்துட்டுப் போறான். நீ விழுந்து செத்தா எவன் வந்து மோந்து பார்ப்பான்?"

துள்ளி தின்றாள்.

மைதானத்தில் மரநாய் அவள் வாயருகே வந்தது. மூக்கைச் சுருக்கியது. மறுபடி மோந்தது. "கரும்பு!" என்று அலறியது, பாம்பை மிதித்ததுபோல.

கரடியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கரும்பா! என் கல்லூரியிலா!"

"ஒரே ஒரு துண்டு, ஐயா. பசி தாங்கலை."

"பசிதானேம்மா உன் பெருமை! அதையும் தின்னு தீர்த்துட்டியே!"

மரநாய் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னது: "துள்ளி இன்று ஓடக் கூடாது. இனி என்றுமே ஓடக் கூடாது. இதுவரை ஜெயித்த பந்தயமெல்லாம் ஜெயிக்காதவை என்றே கருதப்படும்."

மரக்கிளையிலிருந்து ஒரு குரங்கு கேட்டது: "ஏம்ப்பா, அப்போ அந்தப் பந்தயத்துக்கெல்லாம் நாங்க குடுத்த பலாப்பழம்? அதையும் தின்னாததாக் கருதித் திருப்பித் தருவீங்களா?"

"அது வேற விஷயம்!"

"என்ன வேற? கொம்பா, இந்தக் காட்டிலேயே உன் மூக்குத்தான் நீளம். இவங்க வாயையும் ஒரு தடவை மோந்து பாரேன்!"

கொம்பன் நின்ற இடத்திலிருந்தே துதிக்கையை நீட்டியது. "முதல்வர் வாயில தேன். பழைய தேனுக்கு மேலே புதுத் தேன். நடுவுல பலாச்சுளை." பிறகு மரநாய் பக்கம் திரும்பியது. "சேச்சே! இவன் வாயில கள்ளு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரடியாருக்குக் கோபத்தில் வாய் குழறியது. "நாங்க நிர்வாகம்! விதியெல்லாம் ஓடுறவங்களுக்குத்தான். ஓடாதவங்க எதை வேணும்னாலும் தின்னலாம்!"

"ஓட்டம் இல்லையா? அப்போ கொண்டுவந்ததைத் திருப்பிக் குடு!" என்று கூட்டம் குகைப் பக்கம் நகர்ந்தது.

கரடியாரின் முகம் கறுத்தது. ஏற்கெனவே கறுப்பு என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஓடிவந்து துள்ளியின் காதில் குழைந்தார். "கண்ணு, இந்த ஒரு தடவை மன்னிச்சுட்டேன். வாயைக் கழுவிட்டு ஓடிடு தாயி."

துள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொம்பனின் நிழலில் போய்க் கால் மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

"ஓடாதவங்க எதை வேணும்னாலும் தின்னலாம்னு இப்போதானே சொன்னீங்க, ஐயா? நான் இனிமே ஓடாதவ. மாமா, இன்னொரு கரும்பு குடுங்க."

"நீ ஓடலைன்னா யார் ஓடுறது?"

"ஆசை இருக்கிறவங்க ஓடட்டும். உங்க ரெண்டு பேருக்கும்தான் நிறைய இருக்கே!"

கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. கரடியாரையும் மரநாயையும் இழுத்துக் கோட்டில் நிறுத்தியது. வரையாடு அவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. "நீங்க முன்னாடி போங்க. நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றேன்."

மரநாய் கோட்டைத் தாண்டியதும் தலை சுற்றி, வந்த வழியே திரும்பி ஓடியது. கரடியாருக்குக் கால் ஒரு பக்கம் போக, வயிறு மறுபக்கம் போயிற்று. உருண்டுபோய் முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு அதிலேயே மாட்டிக்கொண்டார். கூட்டம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தேனையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று.

வேலி பிய்ந்த இடத்தில் துள்ளி உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே வரையாடும் வந்தது. "எங்க கல்லூரியிலும் இதே கதைதான், அக்கா" என்று சொல்லிக்கொண்டே புல்லில் வாய் வைத்தது.

"ஐயோ, தளம் கெடுதே!" என்று முள்ளுக்குள்ளிருந்து அலறினார் கரடியார்.

துள்ளி தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் வாய் நிறையப் புல் இருந்தது.

நீதி: அடுத்தவர் உழைப்பில் வயிறு வளர்ப்பவனே, உழைப்பவனிடம் பசியைப் பெருமை என்பான்.