காண்டிராக்டர் வாங்கிய கார்

மலைக்கு ரோடு போட்ட காண்டிராக்டர் கந்தப்பனுக்குக் குடும்பத்தோடு போய்வரப் பெரிய கார் ஒன்று வாங்கும் ஆசை வந்தது. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியா, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியா என்று ஒரே குழப்பம். ரோட்டுக்குச் சான்று தர வந்த என்ஜினீயர் பக்கத்தில் இருக்கும்போதே மலைக்கார டிரைவர் சடையனைக் கூப்பிட்டார்.

"டேய், எதை வாங்கலாம்? தப்பாச் சொன்னே, நாளைலேருந்து வேலைக்கு வராதே."

போன மழையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் அந்த ரோட்டுச் சேற்றில் புதைந்து, மூங்கில் டோலியில் தூக்கி வரும் வழியிலேயே சடையனின் மனைவி துளசி செத்துப்போயிருந்தாள்.

"நீங்க போட்டது நல்ல ரோடுன்னா முன்சக்கரமே போதுங்க. இல்லேன்னா நாலும் வேணுங்க. எந்த ரோடுன்னு நீங்கதான் சொல்லணும்."

என்ஜினீயர் கந்தப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"முன்சக்கரமே போதும்டா" என்றார் கந்தப்பன், மீசையைத் தடவிக்கொண்டே.

ஆடி மழையில், சடையன் வண்டி ஓட்ட, மலைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார் கந்தப்பன். ஜீப் புதைந்த அதே வளைவில் புதுக் காரும் புதைந்தது. முழங்கால் வலிக்காரர் கந்தப்பனால் நடக்க முடியவில்லை. சடையன் ஊருக்குள் போய், நாலு பேரோடு டோலியைக் கொண்டுவந்து அவர் முன்னால் இறக்கினான்.

"ஏறுங்கய்யா. உங்க ரோட்டுக்கு இதுதான் வண்டி. துளசியையும் இதுலதான் தூக்கினோம்."