பன்னண்டடி பிளெக்ஸ்

"சாமி, எம் மக ஊருக்கு வரமாட்டேங்கறா."

சடையாண்டி செருப்பைக்கூடக் கழட்டல. வாசல்லயே நின்னு சொன்னாரு.

வாய்க்கா ஓரத்துல ஓடாத பம்புசெட்டு ஒண்ணு. அதுலதான் சாமி குடியிருந்தாரு. நாப்பது வயசு இருக்கும். சடையாண்டியவிடப் பத்து வயசு சின்னவரு. தாடி கிடையாது, காவி கிடையாது. கைலியும் பனியனும்தான். "என்னைச் சாமின்னு கூப்பிடாதீங்க"ன்னு ஆரம்பத்துல சொல்லிப் பாத்தாரு. "சரிங்க சாமி"ன்னாங்க. விட்டுட்டாரு.

"உக்காருங்க."

"உக்கார முடியல சாமி."

"அப்ப நில்லுங்க."

நிக்கவும் முடியல. சடையாண்டி நடந்தாரு. பம்புசெட்டு மொத்தமே எட்டடி. எட்டடி போவாரு, செவுத்த முட்டித் திரும்புவாரு.

"மெட்ராஸ்ல எஞ்சினியரிங் படிக்கிறா. இப்ப ரெண்டாவது வருஷம். எங்க வம்சத்துலயே காலேஜ் வாசப்படிய மிதிச்ச மொத ஆளு. பொங்கலுக்கு வந்தவதான். சித்திரைத் திருவிழாவுக்கு வரல. லீவு விட்டாங்க, அப்பவும் வரல. போன் போட்டா 'ம்'ங்கறா. நேத்து அவங்க அம்மாகிட்ட, 'படிப்ப விட்டுட்டு எதாச்சும் கடையில வேலைக்குப் போகட்டுமா'ன்னு கேட்டிருக்கா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்காம? 'ஒனக்கு என்ன குறை வச்சேன்'னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'ஒண்ணுமில்லப்பா'ன்னா."

"என்ன குறை வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கல சாமி! சந்தையில மூட்டை தூக்கித்தான் படிக்க வைக்கிறேன். எதுக்கும் கணக்குப் பாத்ததில்ல. சீட்டு கிடைச்ச அன்னைக்கே ஊர் பஸ் ஸ்டாப்புல பன்னண்டடிக்கு பிளெக்ஸ் வச்சேன். கவுன்சிலர் பொறந்த நாளுக்கே பத்தடிதான் வச்சாங்க."

"அதுல என்ன போட்டீங்க?"

சடையாண்டி நடைய நிறுத்துனாரு. மொகம் மலந்துருச்சு. மனப்பாடமாச் சொன்னாரு.

"'எங்கள் குலவிளக்கே! ஊரின் முதல் எஞ்சினியரே! வருக, வருக!' நடுவுல வினோதினி போட்டோ. ஓரத்துல நான், அவங்க அம்மா, மாமன் மச்சான் பதினேழு பேரு."

"எஞ்சினியர் ஆயிட்டாங்களா?"

"அட, ஆவப் போறாள்ல."

"பிளெக்ஸ் இன்னும் இருக்கா?"

"இருக்காம? ஒரு தடவ காத்துல கிழிஞ்சுது. புதுசே மாத்திட்டேன். பொங்கலுக்கு வந்தப்ப நீங்க பாத்திருக்கணும் சாமி. பஸ்ஸ விட்டு எறங்குனதுமே ஊரு சூழ்ந்துக்குச்சு. ஒருத்தன் எத்தனை மார்க்குங்கறான். ஒருத்தன் எம் மோட்டரு ஓடல, வந்து பாரும்மாங்கறான். ஒருத்தன் எம் மவனுக்கு எப்ப வேலை வாங்கித் தருவேங்கறான். அவ்வளவு மரியாதை!"

சாமி காதக் குடைஞ்சுக்கிட்டாரு.

"உங்க போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போங்க."

"எம் மகளோடதா?"

"உங்களோடது."

பூசைக்குன்னு நெனச்சாரு சடையாண்டி. பர்சுல பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணு இருந்துச்சு. கண்ணுல ஒத்திக் குடுத்தாரு.

மூணாம் நாள் காலையில சந்தைக்குக் கிளம்புனவரு, வழக்கம்போல டீக்கடைக்குப் போனாரு. கடையில ஒரே சிரிப்பு. எல்லாரும் எதுத்தாப்புல இருந்த கரண்டு போஸ்ட்டு மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பன்னண்டடி பிளெக்ஸ்.

"மன அமைதி கண்ட மாமனிதரே! கோபத்தை வென்ற கோமகனே! அண்ணன் சடையாண்டி அவர்களை வணங்கி வாழ்த்துகிறோம்!"

தல அவரோடதுதான். கும்பிடற கை வேற யாரோடதோ. வெரல்ல மூணு மோதிரம் இருந்துச்சு.

பிளெக்ஸ் கடைக்காரனும் அந்தச் சாமியத்தான் கும்பிடறான்ங்கறது சடையாண்டிக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

"எவன்டா இத—"

"அண்ணே, கோமகனே!"ன்னாரு டீ மாஸ்டர் அனிபா.

சடையாண்டி வாய மூடிக்கிட்டாரு.

டீயில சக்கரை இல்ல. கேக்கல. பக்கத்துல ஒருத்தன் கால மிதிச்சான். ஒண்ணும் சொல்லல. மிதிச்சவன் பிளெக்ஸ அண்ணாந்து பாத்துட்டு, "உண்மைதான் போல"ன்னான்.

அன்னைக்கு வீட்டுக் குழம்புல உப்பு இல்ல. பேசாம சாப்பிட்டாரு. பொண்டாட்டி மூக்காயி அவரையே பாத்துக்கிட்டு இருந்தா.

"கத்துவீங்கன்னு நெனச்சேன்."

"எப்படிக் கத்தறது? ஊரே பாக்குதுல்ல."

நாலாம் நாள் டீக்கடைப் பக்கமே போகல. கருவேலங்காட்டு வழியா சுத்திப் போனாரு. காலுல முள்ளு ஏறுச்சு. அஞ்சாம் நாள் நேரா பம்புசெட்டுக்குப் போயிட்டாரு.

"கழட்டுங்க சாமி."

"ஏன், குறை எதும் இருக்கா?"

"குறையெல்லாம் இல்ல. நல்லாத்தான் போட்டிருக்கு."

"அப்பறம்?"

"நான் அப்படி இல்ல சாமி! வயித்துக்குள்ள கொதிக்குது. வாயத் தெறக்க முடியல. எவனப் பாத்தாலும் 'அமைதி எப்படிண்ணே இருக்கு'ங்கறான். ஊருக்குள்ள நடக்கவே முடியல."

"அட, ஆவப் போறீங்கல்ல."

சடையாண்டிக்கு வந்த கோவத்துல, சாமி வீட்டுத் தண்ணிப் பானைய எட்டி ஒதைக்கலாம்போல இருந்துச்சு. ஒதைக்கல. அந்தப் பிளெக்ஸ் ஞாபகம் வந்துருச்சு. விறுவிறுன்னு சந்தைக்கு பஸ் ஏறிட்டாரு.

சந்தையில மூட்டை தூக்கறவங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. தலையில மூட்டை இருக்கறவனப் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா திரும்புவான். திரும்புனா கழுத்து போயிரும். அப்பன் செத்துட்டான்னு தாக்கல் வந்தாலும், மூட்டைய எறக்குனப்பறம்தான் சொல்லுவாங்க. அதுவரைக்கும் வழிய விட்டு ஒதுங்கி நிப்பாங்க.

சடையாண்டி வெங்காய மூட்டையோட லாரிப் பலகையில ஏறிக்கிட்டு இருந்தாரு. பாதிப் பலகை தாண்டிட்டாரு.

அவங்க ஊர் ஆளு ஒருத்தன் வெங்காயம் வாங்க வந்திருந்தான். வழக்கம் தெரியாதவன். ஆசையாத்தான் கூப்பிட்டான்.

"அட, நம்ம அமைதி அண்ணன்!"

சடையாண்டி திரும்பிட்டாரு. கழுத்துல சுளீருன்னு இழுத்துச்சு. மூட்டை சரிஞ்சு, தையல் விட்டு, வெங்காயம் பூரா சந்தைக்குள்ள உருண்டுச்சு.

"ஏன்யா, அறிவிருக்கா? தலையில மூட்டைய வச்சுக்கிட்டு ஏறுறவன இப்படிக் கூப்பிட்டா, அவன் எப்படிய்யா..."

அதோட நின்னுட்டாரு.

வாய் தெறந்தது தெறந்தபடி இருந்துச்சு. கடைசி வெங்காயம் உருண்டு சாக்கடையில விழுற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாரு.

"என்னண்ணே, அடி கிடி பட்டுச்சா?"

சும்மாட்டுத் துணிய உதறித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாரு.

ஊர் பஸ் ஸ்டாப்புல எறங்குனாரு. மக பன்னண்டடிக்குச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. பஸ்ஸுல வந்து எறங்குற யாரும் அந்த மொகத்துக்குக் கீழ பூந்துதான் வீட்டுக்குப் போகணும். வேற வழி இல்ல. கருவேலங்காடும் அந்தப் பக்கம் கிடையாது.

ஏறிக் கழட்டுனாரு. சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு.

டீக்கடைய ஒட்டித்தான் வீட்டுக்குப் போகணும். போனாரு. போஸ்ட்டு மரம் வெறுமையா நின்னுச்சு.

"உங்க பிளெக்ஸ சாமி இப்பத்தான் கழட்டிட்டுப் போனாருண்ணே"ன்னாரு அனிபா. "பம்புசெட்டுக் கூரை ஒழுகுதாம்."

சாயங்காலம் வீட்டு வாசல்ல நடந்துக்கிட்டே மகளுக்குப் போன் போட்டாரு. வேப்பமரம் வரைக்கும் போவாரு, திரும்புவாரு. ஒம்பதாவது ரிங்குல எடுத்தா.

"என்னப்பா?"

'படிச்சியா'ங்கறது நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டாரு.

"பஸ் ஸ்டாப்புப் பிளெக்ஸக் கழட்டிட்டேன் தாயி."



"திரும்பக் கிழிஞ்சிருச்சாப்பா?"

"இல்ல, நானேதான் கழட்டுனேன்."

"ஏம்ப்பா?"

"ஆட்டுக் கொட்டாய் ஒழுகுச்சு."

"அதுக்கு... எம் மூஞ்சியவா போட்டீங்க?"

"உள்பக்கமாத்தான் திருப்பிப் போட்டிருக்கேன். ஆடு மட்டுந்தான் பாக்கும்."

சிரிக்கறாளா அழறாளான்னு தெரியல. மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

"அப்பா."

"சொல்லு."

"ரெண்டு பேப்பர்ல பெயிலுப்பா. ஆறு மாசமாச்சு. சொல்லவே முடியல."

சடையாண்டி வேப்பமரத்துக்கிட்ட நின்னுட்டாரு. ஏன், எதுக்கு, எப்படின்னு நூறு கேள்வி வரிசையில நின்னுச்சு. ஒவ்வொண்ணா ஒதுக்கி விட்டாரு.

"பெயிலாப் போனா என்ன பண்ணணும் தாயி? எனக்கு அது தெரியாது. நீதான் சொல்லணும்."

"திரும்ப எழுதணும்ப்பா."

"எழுத விடுவாங்களா?"

"விடுவாங்க. வகுப்புல பாதிப் பேரு எழுதறாங்க."

"பாதிப் பேரா!"

"ஆமாப்பா."

அப்பத்தான் உக்காந்தாரு. வேப்பமரத்து வேருல, முதுகச் சாச்சு. அஞ்சு நாளா உக்காராத மனுசன். உள்ள இருந்து மூக்காயி எட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காமத் திரும்பிட்டா.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அந்த ஆடுங்க மார்க்கு கேக்குமா?"

"கேக்காது தாயி. தழைதான் கேக்கும்."



"சனிக்கிழமை பஸ்ஸுக்கு வர்றேன்ப்பா."