ராயர் சுமந்த குடம்

நெடுங்காலத்துக்கு முன், மழை மறந்துபோன கருங்கரை நாட்டை வீரமகுடன் என்ற அரசன் ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் உண்டான், உறங்கினான், கோபம் வந்தால் சட்டம் போட்டான். சட்டங்களை எடுத்துக் கொடுப்பவர் தண்ணீர் அதிகாரி செண்பகராயர்.

ஒரு கோடையில் ஊர்க் கிணற்று நீர் அடிமண்ணை நெருங்கியது. அரண்மனைக்கும் குயவர் தெருவுக்கும் அந்த ஒரே கிணறுதான்.

"யார் வீணாக்குகிறார்கள்?" என்று அரசன் கேட்டான்.

"குயவர் தெரு, மகாராஜா. சிந்துகிறவர்களின் குடத்தை அங்கேயே உடைக்க வேண்டும். ஒரு குடம் உடைந்தால் ஊர் முழுவதும் ஒழுங்காகும்" என்றார் ராயர்.

எந்தக் காலத்திலும் இப்படித்தான். தண்ணீர் குறைந்தால் தண்டோரா குடிசை வாசலில்தான் ஒலிக்கும். மாடி வீட்டு வாசலுக்கு அது வழி தெரியாமல் போய்விடும்.

அரசன் அதையே சட்டமாக்கினான். மறுநாளே ஒரு குடம் உடைந்தது. பேச்சாயி என்பவள் கைக்குழந்தையோடு தண்ணீர் கொண்டு போகையில் கல் தடுக்கி, ஒரு கை அளவு சிந்திவிட்டது. ராயர் தன் பிரம்பாலேயே குடத்தை அடித்து உடைத்தார். ஒரு கை நீருக்குத் தண்டனையாக ஒரு குடம் நீர் மண்ணில் போனது. இதைக் கண்டு யாரும் சிரிக்கக்கூட இல்லை. அந்தத் தெருவில் சிரிக்கத் தெம்பு இல்லை.

அதோடு விடவில்லை. கிணற்றுக்குப் பூட்டுப் போட்டு, குயவர் தெருவை ஆற்றுப் பள்ளத்துக்கு விரட்ட வேண்டும் என்று ராயர் சபையில் சொன்னார். பள்ளத்து நீர் குடித்தால் குழந்தைகள் பிழைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்போது அமைச்சர் வேலப்பர் எழுந்தார்.

"மகாராஜா, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் பானையைத் திட்டுவதில் பயன் இல்லை. பௌர்ணமி வரை அவகாசம் கொடுங்கள். வீட்டுத் தண்ணீர் எங்கே வீணாகிறது என்று கண்டு, குறைத்துக் காட்டுகிறேன்."

"முடியாவிட்டால்?" என்றார் ராயர்.

"என் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். ஏற்கெனவே அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்."

அரசன் சிரித்து ஒப்புக்கொண்டான்.

வேலப்பர் முதலில் குயவர் தெருவுக்குப் போய், வீடு வீடாக நின்று பார்த்தார். அரிசி கழுவிய நீர் ஆட்டுக்குப் போனது. பாத்திரம் கழுவிய நீர் பூசணிக்கொடிக்குப் போனது. குளித்த நீரில் களிமண் பிசைந்தார்கள். "இங்கே குறைக்க வேண்டுமென்றால் இவர்கள் தாகத்தைத்தான் குறைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நேராக அரண்மனைக்குத் திரும்பினார்.

அரசனின் குளியலுக்கு நான்கு பேர் அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள். பாதி தரையில் ஓடும். வேலப்பர் ஒரு தொட்டி கட்டி, மூங்கில் குழாய் பொருத்தி, அதை அடைக்க ஒரு மரத்தக்கை வைத்தார். முதல் நாளே குழாய் அடைத்துக்கொண்டது. கண்ணில் சீயக்காயோடு அரசன் கத்தினான்.

"வேலப்பரே, என்ன இது?"

"தவறு, மகாராஜா. துளை சிறிதாகிவிட்டது. இதை முதலில் குடிசையில் வைத்திருந்தால் அவர்கள் கத்துவது உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் இங்கே வைத்தேன்."

துளையைப் பெரிதாக்கி, உள்ளே துணி வடிகட்டி கட்டினார். தண்ணீர் வந்தது, நிறுத்தினால் நின்றது. அரசன் ஒரே அண்டாவில் குளித்து முடித்தான். ஆனாலும் கிணறு முன்போலவே இறங்கியது.

"தோற்றீர்கள்" என்றார் ராயர்.

"இல்லை. ஓட்டை குளியலறையில் மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்."

அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. பகல் நீர் பழைய நீராம், அது அரசர் மேல் படக்கூடாதாம். அந்தி சாய்ந்ததும் எல்லா அண்டாக்களையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் செண்பகராயர். சாக்கடை தரைக்கடியில் போவதால், எங்கே போய் முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை. அன்று மாலை வேலப்பர் சாயக்காரர்களிடம் நீலச் சாயம் வாங்கி, கவிழ்க்கும் முன் எல்லா அண்டாவிலும் கரைத்தார்.

காலையில் சபை கூடியது. ராயர் தாமதமாக வந்தார். முழங்கால் வரை நீலம், வேட்டிக் கரையிலும் நீலம்.

"ராயரே, காலில் என்ன?" என்று வேலப்பர் கேட்டார்.

"தெரியவில்லை. காலையில் என் வாழைத்தோட்டத்தில் நடந்தேன், அவ்வளவுதான்."

"அரண்மனை அண்டாவில் நான் கரைத்த சாயம் உங்கள் வாழைக்கு எப்படி வந்தது?"

அரசன் தன் கைகளைப் பார்த்தான். இத்தனை நாளும் ஒரு தெருவின் குடிநீரை ஊற்றி ராயரின் வாழையை வளர்த்தது தன் வீடுதான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"கிணற்றுக்குச் செய்த பூட்டைக் கொண்டுபோய், வாழைத்தோட்டத்துக்குப் போகும் அந்தச் சாக்கடை மதகில் போடுங்கள். இனி இந்த வீட்டில் பழைய நீர் என்ற பேச்சே வரக்கூடாது. வேலப்பரே, உமக்கு என்ன வேண்டும்?"

"உடைந்த குடத்துக்குப் பதில் ஒரு புதுக் குடம், மகாராஜா. உடைத்தவரே நிரப்பி, சுமந்துபோய்க் கொடுக்கட்டும்."

ராயர் இடுப்பில் குடம் ஏறியது. நீலக் காலோடு தெருவில் நடந்தார். வாழ்நாளில் தண்ணீர் சுமக்காத இடுப்பு. அடிக்கு ஒரு தரம் தளும்பியது. கிணற்றடியிலிருந்து பேச்சாயி வாசல் வரை ஈரக்கோடு நீண்டது. தெரு முழுவதும் வெளியே வந்து நின்றது. சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை, சிந்தினால் குடத்தை உடைக்கலாம். ராயரின் பிரம்பையே யாரோ எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள்.

பேச்சாயி ஈரக்கோட்டைப் பார்த்தாள். பிறகு ராயரைப் பார்த்தாள்.

"இவ்வளவு சிந்திட்டீங்களே, ஐயா."

பிரம்பைக் கீழே போட்டாள். குடத்தை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அதில் இன்னும் பாதிக் குடம் தண்ணீர் இருந்தது.