மலைமேட்டுத் திரி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், சாம்பலாறு பாய்ந்த நாட்டை அதிவீர பூபதி என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் சிரித்தால் மாலையில் சீறுவான். அவன் மீசை எப்படித் துடிக்கிறது என்று பார்த்துத்தான் மந்திரிமார் வாயைத் திறப்பார்கள்.

அவன் வைத்த வழக்கம் ஒன்று உண்டு, கேள்விநாள். பௌர்ணமிதோறும் குடிமக்கள் யாரும் சபைக்கு வந்து மந்திரிகளைக் கேள்வி கேட்கலாம். கேள்வியைப் பத்து நாள் முன்பே ஓலையில் கொடுத்துவிட வேண்டும். பதில் வந்தபின் ஒரே ஒரு துணைக் கேள்வி. கேட்டது வீண் என்று ஆகிவிட்டால் கேட்டவர் நாக்கில் சூடு! அதனால் பெரும்பாலும் "மந்திரியார் சௌக்கியமா?" என்ற கேள்விதான் வரும்.

நாட்டின் எண்ணெய்க் கிடங்கும் சேதி விளக்குகளும் ஆலாலசுந்தரம் என்ற மந்திரியின் கையில். மலை ஏரியிலிருந்து தலைநகர் வரை ஆற்றோரமாகப் பன்னிரண்டு விளக்குமேடுகள். ஏரிக்கரையில் இருக்கும் முதலாவதுதான் மலைமேடு; பன்னிரண்டாவது அரண்மனைக்கு எதிரில். சாயங்காலம் மலைமேட்டில் ஒரு தீபம் எரிந்தால் நலம் என்று அர்த்தம். மூன்று எரிந்தால் வெள்ளம், ஓடு. ஒரு மேட்டைப் பார்த்து அடுத்த மேடு ஏற்ற வேண்டும்.

அந்த ஐப்பசிப் பௌர்ணமியன்று ஓடக்காரி ஒச்சாயி சபைக்கு வந்தாள். பத்து நாள் முன்பே ஓலை கொடுத்திருந்தாள். ஆனால் அவள் பதறிக்கொண்டு வந்தது வேறு காரணத்துக்கு. முந்தின நாள் ஏரிக்கரை கசிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓடத்தில் ஏறியவள் அவள். வழியில் ஐந்து ஊரில் இறங்கிக் கத்தினாள். "விளக்குச் சேதி இல்லாம ஊரைக் காலி பண்ணினா சவுக்கடியாமே தாயி" என்று ஜனங்கள் தயங்கி நின்றார்கள். ஐந்தாவது ஊரில் அவள் மகள் பத்து நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள்.

சபையில் பட்டப்பகலில் ஆயிரம் தீபம் எரிந்தது. ராஜாவுக்கு அந்த ஜொலிப்பில் ஆசை.

ஓலை வாசிக்கப்பட்டது. "விளக்குமேடுகளில் எண்ணெய் இருக்கிறதா? ஆள் இருக்கிறானா? இல்லையென்றால் ஏன் இல்லை?"

ஆலாலசுந்தரம் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். "முதல் கேள்விக்கு, ஆம். இரண்டாவதற்கும் ஆம். ஆகவே மூன்றாவது கேள்வி எழவில்லை, பிரபோ."

சபை கைதட்டியது. ஒச்சாயிக்குப் பொறுக்கவில்லை. "ராசா, ஏரிக்கரை கசியுது! இன்னைக்கோ நாளைக்கோ உடைஞ்சிரும்!"

"அபசகுனம்!" என்றார் மந்திரி. "கரை கசிந்தால் மூன்று தீபம் வரும். மூன்று தீபம் வரவில்லை. ஆகவே கரை கசியவில்லை."

ராஜா தலையை ஆட்டினான். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. "பெண்ணே, உனக்குத் துணைக் கேள்வி ஒன்று பாக்கி. அதுவும் வீணானால் கொல்லன் தயாராக நிற்கிறான்."

மூலையில் இரும்பு சிவந்துகொண்டிருந்தது. கரையைப் பற்றி இனி ஆயிரம் சத்தியம் பண்ணினாலும் எடுபடாது என்று ஒச்சாயிக்குப் புரிந்தது. மெதுவாகக் கேட்டாள்:

"சாமி, இந்த மாசம் பூரா மலைமேட்டுல இருந்து எத்தனை தீபம் வந்துச்சு?"

மந்திரி சிரித்தேவிட்டார். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்! குமாஸ்தாவிடமிருந்து ஏட்டை வாங்கி, சுருதி சேர்த்து வாசித்தார். "முதல் நாள் ஒரு தீபம், நலம். இரண்டாம் நாள் ஒரு தீபம், நலம். நேற்றும் ஒரு தீபம், நலம். ஒருநாள்கூடத் தவறவில்லை."

"அப்போ மலைமேட்டுலயே எரிஞ்சுதுங்கிறீங்க சாமி."

"மலைமேட்டிலேயேதான்! என் தலைமேல் ஆணை!"

ஒச்சாயி மடியை அவிழ்த்தாள். கைத்தண்டி கனத்தில் ஒரு திரி. வெள்ளை வெளேரென்று, நுனி கருகாமல், அரண்மனையின் அரக்கு முத்திரைகூட உடையாமல் இருந்தது.

"சித்திரையில நீங்க அனுப்பின திரி ராசா. எண்ணெய் வரலைன்னு காவக்காரன் அப்பவே போயிட்டான். நேத்து நான் எடுத்தாந்த மலைமேட்டுத் திரி என் மடியில கிடக்கு. அங்க எரிஞ்சது எது சாமி?"

மந்திரியின் கையிலிருந்த ஏடு நழுவியது. ராஜா மாடியிலிருந்து பார்க்கத் தோதாகப் பன்னிரண்டாம் மேட்டை மட்டும் தினமும் ஏற்றிவிட்டு, மற்றதற்கெல்லாம் 'நலம்' என்று எழுதிவந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"பதினொரு மேட்டின் எண்ணெய் எங்கே?" என்று ராஜா கர்ஜித்தான்.

மந்திரி சபையில் எரிந்த ஆயிரம் தீபத்தையும் ஒருமுறை பார்த்தார். ராஜாவும் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

முதல் விளக்கை அவனே எழுந்து ஊதி அணைத்தான். எண்ணெயைத் தோல்பைகளில் நிரப்பிக்கொண்டு குதிரைகள் பறந்தன. பொழுது சாயும்போது பன்னிரண்டு மேட்டிலும் மும்மூன்று தீபம். ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு மேட்டுக்கு ஏறினார்கள். மறுநாள் காலை கரை உடைந்தது. வீடுகள் போயின, வைக்கோல் போர்கள் போயின, ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. ஒச்சாயி பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்ட பிறகுதான் அழுதாள்.

"என்ன வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"கேக்குறவ நாக்கைச் சுடாதீங்க ராசா. அது போதும்."

கொல்லன் இரும்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஆலாலசுந்தரம் திரியைத் தூக்கிக்கொண்டு மலைமேட்டுக்குப் போனார், காவல்காரனாக. எண்ணெய் மட்டும் ஒருநாளும் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

அன்று முதல் ராஜா சாயங்காலமானால் மாடியில் ஏறி நிற்பான். விளக்கு கொஞ்சம் தாமதித்தாலும், "மலையிலிருந்து வந்ததா, நன்றாகப் பார்த்தீர்களா?" என்று பத்துத் தடவை கேட்பான். அதுவரை அவனுக்குச் சோறு இறங்காது. ஆற்றோரத்து ஜனங்களோ அந்த மழைக்காலத்தில்தான் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினார்கள். பயப்பட வேண்டியவன் பயப்பட ஆரம்பித்துவிட்டான் அல்லவா!